களைப்பும் உறக்கமும்: இளம் நெடுந்தூர ஓட்டக்காரர் அறிய வேண்டியவை

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பந்தயம், நீச்சல் முதலிய நீடித்த உழைப்பை வேண்டும் விளையாட்டுக்களில் ஈடுபடும் இளைஞர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் விசித்திரமான ஒரு நிலை ஏற்படுவதுண்டு. பயிற்சி மிகுந்தால் வேகமும் மிக வேண்டும். ஆனால் அது குறைகிறது. முன்பு எளிதாக ஓடிக் கடந்த தூரம் பெரும் பாரமாகத் தோன்றுகிறது. பகல் முழுவதும் உடல் சோர்ந்து கிடக்கிறது. ஆயினும் இரவில் படுத்தால் உறக்கம் வருவதில்லை. இந்நிலையைக் காணும் பயிற்சியாளரும் பெற்றோரும் இதனைச் சோம்பல் என்றோ, மனவுறுதியின்மை என்றோ கருதி, இன்னும் கடுமையான பயிற்சியை விதித்து விடுகின்றனர். பயிற்சி பெறுபவரும் அவ்வாறே எண்ணித் தம்மை மேலும் வருத்திக் கொள்கின்றனர். நம்பிக்கையூட்டிய பல இளம் வீரர்களின் முன்னேற்றம் இவ்வாறு தடைப்பட்டு விடுகிறது. நீங்காத களைப்புக்கு மேலும் பயிற்சி மருந்தாகாது என்பதை உடலியல் தெளிவாகக் காட்டுகிறது.

பயிற்சியின் பயன் எப்போது கிட்டுகிறது?

ஓடும்போதே உடல் வலிமை பெறுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், கடும் பயிற்சி முடிந்த வேளையில் உடல் முன்னிருந்ததைவிடத் தளர்ந்த நிலையிலேயே இருக்கிறது. தசைகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளின் பெரும்பகுதி செலவாகியிருக்கும். தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் நேர்ந்திருக்கும். வியர்வையின் வழியே நீரும் உப்பும் வெளியேறியிருக்கும். பின்னர் ஓய்வு கொள்ளும்போது உடல் இக்குறைகளைச் சரிசெய்கிறது. அதனோடு நில்லாமல், அதே சுமை மீண்டும் வந்தால் எளிதில் தாங்கும்படி, முன்னிலும் சற்று வலிமையாகத் தன்னை அமைத்துக் கொள்கிறது. தசைகளுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், உயிரணுக்களுக்கு ஆற்றலை அளிக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புக்கள் மிகுவதும் இவ்வாறே நிகழ்கின்றன. பயிற்சி ஒரு தூண்டுதல். அதன் பயன் விளைவது ஓய்வில்.

ஓய்வின்றிச் சுமை தொடர்ந்தால் என்ன நேரும் என்பதைக் கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நஞ்சு எனப் பலவகைத் துன்பங்களுக்கு அவர் எலிகளை உட்படுத்தினார். துன்பம் எதுவாயினும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றின. முதலில் அதிர்ச்சியும், பின்னர் தாங்கும் ஆற்றலும், துன்பம் நீடித்தபோது இறுதியில் முழுத் தளர்ச்சியும் உண்டாயின. ஓட்டக்காரரின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே.

விளையாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த ஓர் உதாரணம் உண்டு. 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிடத்திற்குள் ஓடிவிட முயன்று வந்தார். 440 கஜச் சுற்றை இடையிடையே சிறிது ஓய்வுடன் பத்து முறை ஓடுவது அவருடைய பயிற்சி முறை. ஒவ்வொரு சுற்றையும் 60 வினாடிக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு. எவ்வளவு முயன்றும் 61 வினாடிக்குக் கீழே நேரம் இறங்கவில்லை. அந்நிலையில் அவர் கிறிஸ் பிராஷர் என்ற தோழருடன் ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்குச் சென்று, ஓட்டத்தை அறவே விட்டுச் சில நாட்கள் மலையேறிக் கழித்தார். திரும்பி வந்ததும் அதே சுற்றுக்களை 59 வினாடியில் ஓட முடிந்தது. 1954 மே 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி முடித்தார். சில நாட்களில் புதிய திறன் எதுவும் உண்டாகிவிடாது. முன்னரே பயிற்சியால் உண்டாகியிருந்த திறன் களைப்பினால் மறைந்து கிடந்தது. களைப்பு நீங்கியதும் அது வெளிப்பட்டது.

உறக்கத்தின் பணி

ஓய்வுகளுள் தலையாயது உறக்கம். உறக்கம் இரவு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், உறங்குவோரின் விழிகள் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும் நேரங்கள் உண்டு என்று வெளியிட்டனர். கனவுகள் மிகுதியாகத் தோன்றுவது அந்நேரங்களிலேயே. ஆழ்ந்த உறக்கமும் விழியசையும் உறக்கமும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. வளர்ச்சிக்கும் தசைகளைச் செப்பனிடுவதற்கும் துணைபுரியும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பது அப்போதுதான். பிற்பகுதியில் விழியசையும் உறக்கம் மிகுதி. ஆதலின் பிந்திப் படுத்து முந்தி எழுபவர் உறக்கத்தின் அளவில் மட்டுமன்றி, அதன் வகையிலும் இழப்புறுகிறார்.

இளம்பருவத்தின் கடிகாரம்

13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆனால் இப்பருவத்தில் உடலின் உட்கடிகாரம் சற்றுப் பின்தள்ளிப் போகிறது. உறக்கத்திற்கு முன்னறிவிப்பாக மூளையில் சுரக்கும் மெலடோனின், சிறுவர்களுக்குச் சுரப்பதைவிடப் பிந்தியே சுரக்கிறது. இளைஞர்கள் இரவு நெடுநேரம் விழித்திருப்பதற்கு அவர்களுடைய பழக்கம் மட்டுமே காரணமன்று.

நம் நாட்டின் வெப்பமோ அதிகாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. காலை 5 மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டிய மாணவன் 4.30 மணிக்கு எழ வேண்டும். பாடங்களை முடித்து இரவு 11 மணிக்கு அவன் படுத்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேர உறக்கமே. 8 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்கு இரண்டரை மணியும், பயிற்சி நடைபெறும் ஆறு நாட்களில் 15 மணியும் குறைகின்றன. ஏறத்தாழ இரண்டு இரவுகளின் உறக்கத்தை அவன் வாரந்தோறும் இழக்கிறான். இத்தகைய இழப்பு காயங்களோடும் தொடர்புடையது. அமெரிக்காவில் 112 பள்ளி விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 மணிக்குக் குறைவாக உறங்கியவர்கள் காயமுறும் வாய்ப்பு மற்றவர்களுடையதைப் போல் 1.7 மடங்காகக் காணப்பட்டது.

களைத்த உடல் உறங்காதது ஏன்?

உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். நாடித் துடிப்பு அடங்க வேண்டும். இரவு நெருங்கும் வேளையில் கடும் பயிற்சி செய்தால் இவை தாமதமாகின்றன. பயிற்சிச் சுமை பல வாரங்கள் அளவு மீறும்போது நரம்பு மண்டலம் எப்பொழுதும் விழிப்பு நிலையிலேயே இருப்பதும் உண்டு. எனவே உறக்கமின்மை களைப்பின் காரணமாக இருப்பதோடு, அதன் அறிகுறியாகவும் அமைகிறது. போதிய உணவின்றிப் பசியோடு படுத்தாலும் உறக்கம் கலையும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காபீன், உட்கொண்டு ஏறத்தாழ 5 மணி நேரமான பின்னும் பாதியளவு உடலில் தங்கியிருக்கிறது. மாலைத் தேநீர் இரவுறக்கத்தைக் கெடுப்பது இதனாலேயே. கைபேசியின் ஒளியும், அது மனத்திற்கு ஊட்டும் பரபரப்பும் உறக்கத்தைத் தள்ளிப் போடுகின்றன. உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களுக்குப் பயிற்சிக்காகச் செல்வோர்க்குப் பிராணவாயுவின் குறைவினால் முதற் சில இரவுகளில் உறக்கம் கலைவது இயல்பு; அந்நாட்களில் பயிற்சியைக் குறைத்துக் கொள்வது நலம்.

உறக்கம் மட்டுமே காரணமன்று

நன்கு உறங்கியும் களைப்பு நீங்காவிடில் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுக்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. நெடுந்தூரம் ஓடுபவர்கள் வியர்வையினாலும், பாதங்கள் தரையில் மீண்டும் மீண்டும் மோதுவதால் சிவப்பணுக்கள் சிதைவதாலும் இச்சத்தைச் சிறிது சிறிதாக இழக்கின்றனர். பெண்களுக்கு மாதவிடாயினால் இழப்பு இன்னும் மிகுதி. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினரும், ஆண்களில் 31.1 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையவர்கள். ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். பெரிட்டின் பரிசோதனை அதனைக் காட்டும். பரிசோதனையின்றி இரும்பு மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாமையும் மற்றொரு காரணம். உடல் இலேசாக இருந்தால் வேகம் கூடும் என்றெண்ணி உணவைக் குறைப்பவர்களுக்கு எலும்புகள் வலுவிழக்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்று போவதும் உண்டு. மாதவிடாய் நின்று போவதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடலாகாது. மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிற்சிக் குறிப்பேடு ஒன்று வைத்துக் கொள்ள வேண்டும். உறங்கிய நேரம், காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பு, ஓடிய தூரம், மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் அதில் குறிக்க வேண்டும். நாடித் துடிப்பு பல நாட்கள் தொடர்ந்து வழக்கத்தை மிஞ்சியிருந்தால் அது எச்சரிக்கையாகும்.

இரண்டாவதாக, களைப்பு நீடித்தால் ஒரு வாரத்திற்குப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, வேக ஓட்டங்களை நிறுத்திவிட வேண்டும். சாதாரணக் களைப்பு இதனாலேயே நீங்கும். இரண்டு வாரமாகியும் நீங்காவிடில் மருத்துவரை அணுக வேண்டும். நாட்பட விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

மூன்றாவதாக, விடுமுறை நாட்களிலும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். பிற்பகலில் 20 முதல் 30 நிமிடங்கள் கண்ணயர்வது நல்லது. பயிற்சிக்குப் பின் சோறு, ரொட்டி, பருப்பு, முட்டை, பால் போன்ற உணவைத் தாமதமின்றி உண்ண வேண்டும். தேநீரை உணவோடு சேர்த்துப் பருகினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை அதற்குத் துணைபுரியும். உறக்க மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது.

போட்டிக்கு முந்திய இரவில் உறக்கம் வரவில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. அதற்கு முந்திய வாரத்தில் நன்கு உறங்கியவர்க்கு அந்த ஓர் இரவின் குறை பெரும் தீங்கு செய்யாது.

இவற்றுள் பல, இளைஞர் தாமே செய்துகொள்ளக் கூடியவை அல்ல. மைதானத்திற்கு வர வேண்டிய நேரத்தைப் பயிற்சியாளரும், விளக்கணைக்கும் நேரத்தை விடுதிப் பொறுப்பாளரும், பாட வேளையைப் பள்ளியும் வகுக்கின்றனர். குளிர்காலத்திலேனும் காலைப் பயிற்சியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தல், கடும் பயிற்சிக்கு மறுநாளை இலகுவான நாளாக அமைத்தல் முதலியவை அவர்கள் கையிலேயே உள்ளன. ஓட வேண்டிய கிலோமீட்டர்களைப் போலவே உறங்க வேண்டிய மணிகளும் பயிற்சி அட்டவணையில் இடம் பெறுதல் வேண்டும்.