நமக்கென்று ஒரு சொல்!



'மந்திரம்' என்றதும் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். முதலாமாண்டு கணிதத் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் கை வியர்த்தது. படிச்சதெல்லாம் மறந்து போச்சு. அரியர்! அதே பேப்பரை மறுபடி எழுதப் போகும்போது பயம் இரண்டு மடங்கானது. அந்தப் பயத்திலிருந்து வெளியே வரத் தேடியபோது கற்றதையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

மந்திரம் என்றால் என்ன?

பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதத்திலேயே இதைப் பேசுகிறது. ஓம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வதோடு அதன் பொருளையும் மனத்தில் நிறுத்த வேண்டும் என்கிறது. ஆக, வாய் சொல்ல மனம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் அது மந்திரம் ஆகாது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை வரிசையாக விளக்குகிறார்.

நம்ம துறைக்காரர் ஒருவரும் இதில் இருக்கிறார். டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் தம் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888-1989) யோகம் கற்றார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்கக் கூடாது, ஆளுக்கு ஏற்றபடி பயிற்சி அமைய வேண்டும் என்பதே இவர்கள் வழி. சொல்லும் அப்படித்தானே?

இதில் விஞ்ஞானம் உண்டா?

உண்டு. 2001-ல் லூசியானோ பெர்னார்டி குழுவினரின் ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 23 பேரை ஜெபமாலை செபத்தையும் யோக மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி. நம் இரத்த அழுத்தத்திலும் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடும் என்று ஒத்ததிர்வுப் பாடத்தில் படித்தோமே, அதே கதைதான்! எந்த மதத்துச் சொல் என்பதைவிட மூச்சின் தாளமே அங்கே வேலை செய்தது.

செய்முறை

1. உங்களைப் பயமுறுத்துவதை ஒரு தாளில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

2. அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சொல்லைத் தேடுங்கள். சாமி பெயராகவும் இருக்கலாம், அம்மா சொல்லும் வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் பொய் வேண்டாம். 'நான்தான் முதல் ரேங்க்' என்றால் நம்ம மனசே நம்பாது!

3. டிராயிங் ஹாலில் எழுதுவது போல, அந்தச் சொல்லை நிதானமாக அழகாக எழுதுங்கள். எழுதும்போதே மனம் அடங்கும்.

4. நேராக உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது கைகளை உயர்த்துங்கள். விடும்போது சொல்லைச் சொல்லிக்கொண்டே மெல்ல இறக்குங்கள். 6 முறை போதும்.

5. பிறகு கண்ணை மூடி, மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லுங்கள். தினமும் 10 நிமிடம். மனம் ஓடினால் திட்ட வேண்டாம். திரும்ப அழைத்து வாருங்கள்.

மூச்சை அடக்கும் பயிற்சிகளை ஆசிரியர் இல்லாமல் செய்யாதீர்கள். தூக்கமே வராத அளவு கவலை என்றால் டாக்டரைப் பாருங்கள். அதில் வெட்கம் இல்லை.

என் சொல் எது?

அப்பா பட்டுத்தறி நெய்பவர். பாவில் இழைகள் அறுந்து சிக்கிக்கொண்டால் நான் பதறுவேன். அவர் தலை நிமிராமலே, "ஒவ்வொண்ணா எடுடா" என்பார். எத்தனையோ வருஷம் காதில் விழுந்த சொல்! அதைத்தான் எடுத்துக்கொண்டேன். மறுதேர்வில் வினாத்தாள் கைக்கு வந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. பேனாவைக் கீழே வைத்து, ஆறு மூச்சு, 'ஒவ்வொண்ணா'. பிறகு தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கினேன்.

பாஸ்! ஆனால் நண்பர்களே, பாஸ் ஆக்கியது மந்திரம் அல்ல, படிப்பு. படித்ததைப் பயம் தின்றுவிடாமல் காத்தது அந்தச் சொல். அன்று மாலை அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நான் எப்படா அப்படிச் சொன்னேன்?" என்றார்!

உங்கள் சொல்லும் வீட்டிலேயே எங்காவது கிடக்கும். தேடிப் பாருங்களேன்!

- மூன்றாமாண்டு எந்திரவியல் மாணவன்