பாட்டியின் துணிப்பையும் வானூர்தி இருக்கையும்

பல ஆண்டுகளுக்கு முன்பு, என் பாட்டி முதன்முறையாக வானூர்தியில் ஏறினார். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஆயுளின் பெரும்பகுதியைப் பால்மரம் சீவுவதிலேயே கழித்தவர் அவர். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பயணம். ஏறத்தாழ நான்கு மணி நேரம். நான் சன்னலோரமும் பாட்டி நடுவிலும் அப்பா நடைவழி ஓரமும் அமர்ந்திருந்தோம்.

இருக்கை வாரை மாட்டியதும் பாட்டி, "கண்ணு, எனக்குக் கால் தொங்குது" என்றார். உண்மைதான். அவர் நான்கரை அடி உயரத்தைக் கொஞ்சமே தாண்டியவர். பாதம் தரையைத் தொடவில்லை. அப்பாவோ ஆறடிக்காரர். "எனக்கு முட்டி இடிக்குதும்மா" என்று அவர் முணுமுணுத்தார். ஒரே நாற்காலி, இரண்டு வகைக் குறை!

பாட்டி தாமதிக்கவில்லை. தம் துணிப்பையைக் காலடியில் வைத்து, அதன்மேல் பாதங்களை ஊன்றிக்கொண்டார். லயத்து வீட்டுத் திண்ணையில் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்து பழகியவருக்கு இது பெரிய காரியமன்று. ஆனால், அந்த நிம்மதி நீடிக்கவில்லை. பணிப்பெண் வந்தார். "பாட்டி, பையை முன் இருக்கைக்கு அடியில தள்ளிடுங்க. மேலே போனதும் எடுத்துக்கலாம்" என்றார். பாட்டி தள்ளினார்; முகம் மட்டும் சுருங்கிவிட்டது. "இந்த நாற்காலியச் செஞ்சவன் எங்கள மாதிரி ஆளுங்களப் பாத்ததே இல்லபோல" என்றார்.

அன்று பணிப்பெண்மீது எனக்கும் கோபம்தான். வானூர்தியின் உட்புறம் எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதைப் பின்னாளில் படித்தபோது, அவர் செய்தது சரி என்று தெரிந்தது. பாட்டி சொன்னதும் சரி என்று தெரிந்தது. இந்த இரண்டு 'சரி'களுக்கும் இடையில்தான் பயணியர் அறை வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது.

மலாயாவில் பயணியர் வானூர்தி தொடங்கிய காலத்தில் இந்த வேலைக்கு அதிக இடமில்லை. 1947 மே முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு முறையான சேவையைத் தொடங்கியது. பயன்படுத்திய வானூர்தியின் பெயர் ஏர்ஸ்பீட் கான்சல். போர்க்காலத்துப் பயிற்சி வானூர்தியைப் பயணியருக்காக மாற்றியமைத்த வகை அது. ஐந்தே பயணியர்தாம் அதில் அமர முடியும். இருக்கும் உடற்கூட்டுக்குள் நாற்காலிகளைப் பொருத்தியதே அன்றைய உள்வடிவமைப்பு. ஈப்போ வானத்தில் அது பறந்த காலத்தில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்தவர்களுள் யாரும் அதில் பயணம் செய்ய நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும், ரப்பருக்கும் வானூர்திக்கும் உறவுண்டு. தரையிறங்கும்போது ஏற்படும் கடும் வெப்பத்தைத் தாங்குவதற்காக வானூர்திச் சக்கரங்களில் இயற்கை ரப்பர் இன்றும் பெருமளவில் சேர்க்கப்படுகிறது. இதைப் பாட்டியிடம் சொன்னபோது, "சக்கரத்துக்கு எங்க பாலு, உக்கார எங்களுக்கு எடமில்ல" என்று சிரித்தார்.

இருக்கை எப்படி அளக்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரத்தை 'இருக்கை இடைவெளி' என்பர். சிக்கன வகுப்பில் இது பொதுவாக 28 முதல் 32 அங்குலம், அதாவது 71 முதல் 81 சென்டிமீட்டர் வரை இருக்கும். இது முழுவதும் கால் நீட்டும் இடமன்று. முதுகுச்சாய்வின் தடிமனும் இதற்குள் அடங்கும். ஆகவே, சாய்வை மெல்லியதாக்கினால் இடைவெளி மாறாமலேயே முட்டிக்கு இடம் கிடைக்கும். இதழ்கள் வைக்கும் பையை முட்டிக்கு எதிரே தைக்காமல், உணவுத் தட்டுக்கு மேலே தைப்பதும் அதே நோக்கத்தில்தான். என் அப்பாவின் குறைக்கு வடிவமைப்பாளர்கள் கண்ட விடை அது. சில சென்டிமீட்டர்தானே என்று எண்ணலாம். முட்டி இடிப்பவரைக் கேட்டால் தெரியும்.

இங்கே ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு மலிவுக்கட்டண நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ320 வகையில் 180 இருக்கைகள் இருக்கும். ஒரு வரிசைக்கு ஆறு வீதம் 30 வரிசைகள். ஒவ்வோர் இடைவெளியிலும் 2.5 சென்டிமீட்டரைக் குறைத்தால் 75 சென்டிமீட்டர் மிஞ்சும். அது மேலும் ஒரு வரிசை. மேலும் ஆறு பயணச்சீட்டு. மலிவான கட்டணத்தால்தான் பாட்டி திருச்சிக்குப் போக முடிந்தது என்பதையும் நான் மறுக்க மாட்டேன். நெருக்கமான இருக்கைகளைக் குறை கூறுவது எளிது. அந்த நெருக்கம் இல்லாவிட்டால் தோட்டத்துக் குடும்பங்கள் பல பேருந்து நிலையத்தோடு நின்றிருக்கும்.

அப்படியானால், வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போகலாமா? முடியாது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அவசர வழிகள் தீர்மானிக்கின்றன. வானூர்தியில் உள்ள அனைவரும் 90 வினாடிக்குள் வெளியேற முடியும் என்று தயாரிப்பாளர் மெய்ப்பிக்க வேண்டும். அதுவும் இருட்டில், பாதி வழிகள் மூடப்பட்ட நிலையில். 2006 மார்ச் 26ஆம் நாள், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏ380 வானூர்திக்கு இச்சோதனை நடந்தது. பயணியராக 853 பேர், பணியாளர் 20 பேர். மொத்தம் 873 பேர். பதினாறு வழிகளுள் எட்டு மட்டுமே திறக்கப்பட்டன. எவை திறக்கும் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. நடைவழியில் பைகளும் போர்வைகளும் வேண்டுமென்றே போடப்பட்டிருந்தன. 78 வினாடியில் அனைவரும் வெளியேறினர்.

பாட்டியின் துணிப்பை ஏன் உள்ளே தள்ளப்பட்டது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நடு இருக்கையில் இருப்பவரின் காலடிப் பை, சன்னலோரத்தில் இருப்பவருக்குத் தடைக்கல். வானூர்தி ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து அதிகம். சன்னல் மறைப்பை அப்போது திறந்து வைக்கச் சொல்வதும் வெளியே தீ உள்ளதா என்று உடனே பார்ப்பதற்காகத்தான். இரவில் உள்விளக்குகளை மங்கலாக்குவது, கண்கள் இருட்டுக்கு முன்பே பழகிக்கொள்வதற்காக.

இந்த விதிகள் யாரோ மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை அல்ல. 1985 ஆகஸ்டு 22ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நிலையத்தில் 137 பேருடன் புறப்படவிருந்த போயிங் 737 வானூர்தியின் இயந்திரம் வெடித்துத் தீப்பிடித்தது. வானூர்தி தரையிலேயே நின்றது; தீயணைப்பு வண்டிகளும் விரைந்து வந்தன. இருந்தும் 55 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகை. வழியை நோக்கி ஓடியவர்கள் ஒடுங்கிய இடைவழியில் நெரிசலில் சிக்கினர். இறக்கைமேல் உள்ள அவசரக் கதவை அடைவதற்கு இருக்கைகள் இடையூறாயின.

கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் ஹெலன் மியூர் இதன்பின் ஒரு சோதனை செய்தார். பழைய சோதனைகளில் தன்னார்வலர்கள் வரிசையாக, மரியாதையாக வெளியேறினார்கள். உயிருக்குப் பயந்தவர்கள் அப்படியா போவார்கள்? மியூர், முதலில் வெளியேறும் பாதிப் பேருக்கு ஐந்து பவுன் கூடுதலாகத் தருவதாக அறிவித்தார். அவ்வளவுதான்! மனிதர்கள் இருக்கைகளைத் தாண்டிக் குதித்தார்கள். வாசலில் முட்டி மோதி அடைத்துக்கொண்டார்கள். ஐந்து பவுனுக்கே இப்படியென்றால் உயிருக்கு எப்படியிருக்கும்? சமையல் பகுதியை ஒட்டிய இடைவழி 30 அங்குலத்துக்கு, அதாவது 76 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நெரிசல் கூடுகிறது என்று அச்சோதனைகளில் தெரிந்தது. இறக்கைமேல் கதவருகே இருக்கைகளுக்கு இடையே எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரிந்தது. பயணியர் அறை வடிவமைப்பின் வரலாற்றில் நான் மிகவும் வியந்து படித்த பகுதி இதுவே. மனித இயல்பை அளவுகோலால் அளக்க முடியாது என்போம். அவர் ஏறக்குறைய அளந்துவிட்டார்.

இருக்கையின் மெத்தையும் இதே பாதையில் மாறியது. பஞ்சுபோன்ற நுரைமெத்தை தீப்பற்றினால் நச்சுப்புகை கிளம்பும். அதனால், நுரைக்கும் மேலுறைக்கும் இடையே தீத்தடுப்புத் துணியைச் சுற்ற வேண்டும் என்னும் விதி 1980களில் வந்தது. மெத்தையின் பக்கத்தில் எண்ணெய் எரிகலனை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அதன் எடையில் 10 விழுக்காட்டுக்குமேல் இழப்பு ஏற்படுகிறதா என்று பார்ப்பார்கள். இருக்கையின் சட்டமும் சோதனைக்குத் தப்பாது. 1988இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, புதிய வகை வானூர்திகளின் இருக்கைகள் புவியீர்ப்பைப்போல 16 மடங்கு விசையை முன்னோக்கித் தாங்க வேண்டும். அதற்கு முந்தைய அளவு 9 மடங்கு. பொம்மை மனிதரை இருக்கையில் கட்டி, தண்டவாளத்தில் வேகமாக ஓடவிட்டு, சட்டென்று நிறுத்திச் சோதிப்பார்கள். இருக்கைக் கால்கள் வளையலாம். தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகக்கூடாது.

இவற்றின் பயனை 2024 ஜனவரி 2ஆம் நாள் உலகம் கண்டது. தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 வானூர்தி, ஓடுதளத்தில் நின்ற கடலோரக் காவற்படையின் சிறு வானூர்தியோடு மோதித் தீப்பிடித்தது. சிறு வானூர்தியில் இருந்த ஆறு பேரில் ஐவர் உயிரிழந்தனர். பெரிய வானூர்தியில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். எட்டு வழிகளுள் மூன்று மட்டுமே பயன்பட்டன. பயணியர் தம் பைகளை உள்ளேயே விட்டுவிட்டு வெளியேறினர். பின்னர், அந்த வானூர்தி முற்றாக எரிந்துபோனது.

பாதுகாப்பைப் பற்றியே பேசுவதால், அழகுக்கு இங்கே இடமில்லை என்று நினைக்க வேண்டா. 1971இல் ஏர் இந்தியா தன் முதல் போயிங் 747 வானூர்திக்குப் பேரரசர் அசோகரின் பெயரைச் சூட்டியது. வெளிப்புறத்தில் ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் அரண்மனைச் சாளரம்போல் வளைவு தீட்டப்பட்டது. உள்ளே இந்தியக் கலை மரபை ஒட்டிய அலங்காரம். மேல்தளத்தில் முதல் வகுப்புப் பயணியருக்கு ஓய்வறை. 'வானத்தில் உங்கள் அரண்மனை' என்று விளம்பரப்படுத்தினார்கள். அந்தச் சாளர வடிவத்தையே 2023இல் வெளியிட்ட தன் புதிய சின்னத்துக்கும் அந்நிறுவனம் அடிப்படையாகக் கொண்டது. பார்த்த உடனே இது எந்த நாட்டு வானூர்தி என்று தெரிய வேண்டும் என்பது நல்ல எண்ணமே. ஆனால், அரண்மனைச் சாளரத்தின் அருகிலும் ஒரு பாட்டிக்குக் கால் தொங்கியிருக்கும்.

கால் தொங்குவது வெறும் அசௌகரியமன்று. இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்தும்; இரத்த ஓட்டம் தடைப்படும்; பல மணி நேரப் பயணத்தில் கால் வீங்கும். திருச்சியில் இறங்கியபோது பாட்டியின் செருப்பு அவர் காலில் ஏறவில்லை. வடிவமைப்பாளர்கள் உடல் அளவு அட்டவணைகளைப் பார்த்துத்தான் இருக்கையின் உயரத்தை முடிவு செய்கிறார்கள். நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால், மிகக் குட்டையான ஐவரையும் மிக உயரமான ஐவரையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பவர்களுக்குப் பொருந்துமாறு செய்வது வழக்கம். கேள்வி என்னவென்றால், எந்த நூறு பேர்? ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் அளந்து எழுதிய அட்டவணையில் என் பாட்டி அந்த விடுபட்ட ஐவருள் ஒருவராகிவிடுகிறார். தோட்டத்துப் பாட்டிமார்களை வரிசையில் நிறுத்தினால் அவர் நடுவில் நிற்பார்.

இதற்கும் விடை தேடாமல் இல்லை. கையெட்டாதவர்களுக்காக, கீழ்நோக்கி இறங்கிவரும் மேல்நிலைப் பெட்டகங்கள் வந்துவிட்டன. மடித்து வைக்கும் கால்தாங்கி சில வானூர்திகளில் உண்டு. ஆனால், அது ஒவ்வோர் இருக்கையிலும் எடையைக் கூட்டும். ஒரு கிலோகிராம் கூடினால் 180 இருக்கைக்கு 180 கிலோகிராம்; அத்தனையையும் ஒவ்வொரு நாளும் எரிபொருள் செலவழித்துத் தூக்க வேண்டும். பாட்டியின் கால் ஒருபுறம், எரிபொருள் செலவு மறுபுறம்.

ஊர் திரும்பும் பயணத்தில் பணிப்பெண் வருவதற்கு முன்பே பாட்டி தம் பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். வாரை அவிழ்க்கலாம் என்னும் விளக்கு எரிந்ததும், குனிந்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

செயற்பாடு: வகுப்பறைத் தரையில் 46 சென்டிமீட்டர் அகலமும் 74 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட செவ்வகங்களைச் சுண்ணக்கட்டியால் மூன்று வரைக. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலியை இட்டு அமர்ந்து பார்க்க. பின், உங்கள் வீட்டில் மிகக் குட்டையானவருக்கும் மிக உயரமானவருக்கும் பாதத்திலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரையுள்ள உயரத்தை அளந்து வருக. இருவரும் நான்கு மணி நேரம் அமரக்கூடிய, வெளியேறும் வழியை மறைக்காத, ஒரு கிலோகிராமுக்குமேல் எடை கூடாத கால்தாங்கி ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வொரு பகுதியையும் அவ்வாறு அமைத்ததற்கான காரணத்தை எழுதுக.