குதிகால் வலியா? எழும்பு முன் இதைச் செய்யுங்கள்

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தினமாதிரி வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும்; மலையில் நாள் முழுக்க நின்றால் திரும்பவும் பிடிக்கும். இதனாலேயே அரைப்பேரோடு திரும்புகிற அக்காமார் உண்டு.

குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த சவ்வு நொந்துபோவதே காரணம். இரவில் அது இறுகிக்கிடக்கும். ஆகவே பிரட்டுக்கு நேரமாச்சு என்று துள்ளி எழும்பாதீர்கள். பாயில் உட்கார்ந்தபடியே நோகிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் மேல்பக்கமாக வளைத்து இழுத்து, 10 எண்ணும்வரை பிடியுங்கள். இப்படி 10 தடவை. அதன்பிறகுதான் தரையில் கால்! பகலிலும் இரண்டு முறை செய்யுங்கள்.

எண்ணெய் பூசினால் போதும் என்பார்கள். பூசுங்கள், ஆனால் பயிற்சியை விடாதீர்கள், குணமாக மாதக்கணக்காகும். வெறுங்காலோடு சிமெந்தில் நிற்க வேண்டாம். கால் மரத்தால், வீங்கினால், சீனி வியாதி இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.