கடல் அமைதியா, செய்தி வரவில்லையா? பிழைகளை டைப்பில் எழுதும் வழிகளில் எதைத் தேர்வது

தூத்தூரிலிருந்து புறப்படும் ஒரு விசைப்படகுக்கு அலையின் உயரத்தைச் சொல்ல ஒரு ஃபங்ஷன் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். படகு நிற்கும் இடத்தைக் கொடுத்தால் மீட்டரில் ஓர் எண் திரும்பி வர வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் வெளியிடும் முன்னறிவிப்பிலிருந்து அந்த எண்ணை எடுக்கிறீர்கள். இணையம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லாமல், குழுவில் ஒருவர் அந்த இடத்தில் பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். கம்பைலருக்கு இதில் குறை தெரியாது. பூஜ்யமும் எண்தானே. திரையில் ‘அலை 0 மீட்டர்’ என்று வருகிறது. ‘செய்தி வரவில்லை’ என்பது ‘கடல் அமைதியாக இருக்கிறது’ என்று மாறிவிட்டது.

குமரி மாவட்டத்தில் இது வெறும் பாடப்புத்தக உதாரணம் அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே வலுத்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பகுதியின் ஆழ்கடல் படகுகள் பல ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. கைபேசி சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே அறுந்துவிடும். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. எச்சரிக்கை வராததால் ஆபத்து இல்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. பிறகு 2019 அக்டோபரில் இன்காய்ஸும் இந்திய விமான நிலைய ஆணையமும் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை வாங்கி, படகில் இருக்கும் கைபேசிக்கு ப்ளூடூத்தில் கொடுக்கும் கருவி அது. கடலுக்குள் 300 கடல் மைல் வரை எட்டும். ஆனால் செய்தி ஒரு வழியில் மட்டும்தான் போகும். படகிலிருந்து பதில் சொல்ல முடியாது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்து நிரல் எழுதுகிற நண்பர்கள், பிழைகளை டைப்பில் எழுதுவது பற்றிப் பேச்சு வந்தால் அதைக் கணிதக்காரர்களின் ஆசை என்று ஒதுக்கிவிடுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த உதாரணத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

நம் ஃபங்ஷன் நான்கு விதமாகத் தோற்கலாம். இணையம் இல்லாமல் போகலாம். கிடைத்த முன்னறிவிப்பு காலாவதியானதாக இருக்கலாம். கேட்ட இடத்துக்கு முன்னறிவிப்பே இல்லாமல் இருக்கலாம். வந்த தரவு எதிர்பார்த்த வடிவத்தில் இல்லாமல் இருக்கலாம். முதல் மூன்றும் படகுக்காரருக்கு மூன்று வேறு செய்திகள். இணையம் இல்லையென்றால் கடைசியாகச் சேமித்ததை, அது வெளியான நேரத்தோடு காட்டலாம். காலாவதியானது என்றால் துறைமுகத்தில் கேட்டுவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கே முன்னறிவிப்பு இல்லையென்றால் திரும்பத் திரும்ப முயல்வதில் பயனில்லை. நான்காவதைக் கொண்டு படகுக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. அது நிரல் எழுதியவர் திருத்த வேண்டியது.

என் அளவுகோல் இதுதான். தோல்வியின் காரணத்தைப் பொறுத்து அழைத்தவர் வேறுவேறு விதமாக நடந்துகொள்வார் என்றால், அந்தக் காரணம் டைப்பில் தெரிய வேண்டும். அவர் செய்ய ஒன்றுமில்லை என்றால் டைப்பில் அதை ஏற்றிச் சுமக்க வேண்டாம். மொழி, நூலகம், நாகரிகம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எக்செப்ஷன் எறிவது

எல்லோருக்கும் பழகிய வழி. நான்காவது வகைத் தோல்விக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியாது: எறியுங்கள், நிரலின் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் பிடியுங்கள், ஸ்டாக் ட்ரேஸைப் பதிவு செய்யுங்கள். முதல் மூன்றுக்கும் இது உதவாது. ஃபங்ஷனின் டைப்பைப் படிப்பவருக்கு ‘இடத்தைக் கொடு, எண்ணைத் தருகிறேன்’ என்று மட்டும்தான் தெரியும். எறியப்படும் மூன்று காரணங்களும் உள்ளே ஒளிந்திருக்கும். டைப்ஸ்கிரிப்டில் பிடித்த பிறகும் கையில் இருப்பது என்னவென்று தெரியாது. 2021இல் வந்த 4.4 பதிப்பு முதல், ஸ்ட்ரிக்ட் முறையில் அந்த மதிப்பின் டைப் ‘அன்னோன்’தான். மொழியே நேர்மையாகக் கைவிரித்துவிடுகிறது.

எறியும் காரணங்களையும் டைப்பில் எழுதலாமே என்று கேட்பீர்கள். ஜாவா தொடக்கத்திலேயே அதைச் செய்தது. செக்டு எக்செப்ஷன் என்ற அந்த எண்ணம் சரியானது. அதோடு வாழத் தேவையான கருவிகளைத்தான் ஜாவா தரவில்லை. கீழே ஒரு காரணம் சேர்ந்தால் மேலே இருக்கும் அத்தனை மெதட்களையும் திருத்த வேண்டியிருந்தது. 2014இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது, ஸ்ட்ரீமுக்குள் செக்டு எக்செப்ஷன் எறியும் ஃபங்ஷனை அப்படியே வைக்க முடியாமல் எல்லோரும் திணறினார்கள். அலுத்துப்போனவர்கள் காலியான கேட்ச் எழுதி விழுங்கிவிட்டார்கள். கோட்லின் அதை வேண்டாம் என்றே விட்டது. 2024இல் ஸ்விஃப்ட் 6 டைப் குறித்த எறிதலைச் சேர்த்தபோதுகூட, பெரும்பாலான நிரலுக்கு டைப் குறிக்காத பழைய முறையே நல்லது என்று அதன் முன்மொழிவு சொன்னது.

ரிசல்ட், ஈதர்

ரஸ்டிலும் ஓகேமலிலும் ரிசல்ட், ஹாஸ்கலிலும் ஸ்காலாவிலும் ஈதர். இங்கே தோல்வி எறியப்படுவதில்லை. வெற்றியைப் போலவே ஒரு மதிப்பாகத் திரும்பி வருகிறது. வெற்றியா தோல்வியா என்று பிரித்துப் பார்க்காமல் உள்ளே இருக்கும் அலை உயரத்தைத் தொட முடியாது. தோல்விப் பக்கத்தில் நம் மூன்று காரணங்களையும் மூன்று வகையாக அறிவிக்கிறோம். நாளை ‘கருவியின் கடிகாரம் தவறு’ என்று இன்னொரு வகை சேர்ந்தால், அதைக் கவனிக்காத இடங்களைக் கம்பைலர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். ரஸ்ட் அங்கேயே நிறுத்திவிடும். ஓகேமல் எச்சரிக்கை தரும், ஹாஸ்கலில் அந்த எச்சரிக்கையை இயக்கிக்கொள்ள வேண்டும். அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றிவைப்பதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. ஆனால் நான்கு இடங்களில் கவனம் தேவை.

ஆப்ஷனையும் ரிசல்ட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘இருக்கிறது, இல்லை’ என்பதற்கு மேல் காரணம் தேவைப்படாத இடத்துக்குத்தான் ஆப்ஷன். ஒரு பட்டியலில் படகின் எண்ணைத் தேடுவதற்கு அது சரி. ஓகேமலின் லிஸ்ட் மாட்யூலில் கிடைக்காவிட்டால் எறியும் ‘ஃபைண்ட்’ இருந்த இடத்தில், 2017இல் ஆப்ஷன் தரும் இணையும் சேர்க்கப்பட்டது. அலை உயரத்துக்கு ஆப்ஷன் போதாது. ஏன் இல்லை என்பதுதான் அங்கே செய்தியே.

வெற்றிப் பக்கத்தையும் வலுவாக்குங்கள். வெறும் எண்ணுக்குப் பதில் உயரம், முன்னறிவிப்பு வெளியான நேரம், அது செல்லுபடியாகும் காலம் மூன்றும் சேர்ந்த ஒரு டைப்பை வையுங்கள். அப்போது அவசரத்தில் யாரும் ஒரு பூஜ்யத்தைச் செருகிவிட முடியாது. நேரத்தையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கும், அங்கே கை தயங்கும். தோல்வியை டைப்பில் எழுதுவது பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். வெற்றியைத் துல்லியமாக எழுதுவதில் கிடைக்கும் பாதுகாப்பு அதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

தோல்வி வகைகளை எல்லை தாண்ட விடாதீர்கள். டேட்டாபேஸின் பிழை, எச்டிடிபி நூலகத்தின் பிழை எல்லாம் அப்படியே மேலே ஏறிவந்தால், திரையை வரையும் ஃபங்ஷன் இருபது வகைகளைச் சமாளிக்க வேண்டிவரும். ஒவ்வோர் அடுக்கின் வாசலிலும் நம் மொழிக்கு மாற்றுங்கள்: ‘இணையம் இல்லை’ போதும், சாக்கெட் எண் வேண்டாம். மேலே கடத்துவது ரஸ்டில் சுலபம்; 2016இல் 1.13 பதிப்போடு வந்த கேள்விக்குறி ஆபரேட்டர் ஒரே எழுத்தில் அதைச் செய்கிறது. சுலபமாக இருப்பதாலேயே மாற்றாமல் கடத்திவிடும் பழக்கமும் வந்துவிடுகிறது.

கடைசியாக, ஈதர் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். முன்னறிவிப்புக்கு அது சரி. படகுப் பதிவுக்கான விண்ணப்பத்துக்கு அது கொடுமை: ஒரு கட்டத்தைத் திருத்தி அனுப்பினால் அடுத்த கட்டத்தில் பிழை என்று மனிதரை அலைக்கழிக்கும். பிழைகளையெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் சொல்ல ஸ்காலாவின் கேட்ஸ் நூலகத்தில் ‘வேலிடேட்டட்’ என்ற தனி டைப் இருக்கிறது. மற்ற மொழிகளில் நீங்களே எழுதிக்கொள்ளலாம், சில வரிகள்தான்.

எஃபெக்ட் நூலகங்கள்

ரிசல்ட்டுக்கு ஒரு குறை உண்டு. அது முடிந்துபோன வேலையின் விடை. இன்னும் நடக்காத வேலையை, அதாவது பத்து விநாடி காத்திருப்பது, மூன்று முறை முயல்வது, இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் கேட்டு முந்தி வருவதை எடுத்துக்கொள்வது போன்றவற்றை அதனால் சொல்ல முடியாது. ஸ்காலாவில் ஸியோ, டைப்ஸ்கிரிப்டில் எஃபெக்ட் ஆகியவை இந்த இடத்துக்காக வந்தவை. ஸியோ 1.0 வெளிவந்தது 2020இல், எஃபெக்ட் 3.0 என்ற நிலையான பதிப்பு 2024இல். இரண்டிலும் ஒரு வேலையின் டைப் மூன்று விஷயங்களைச் சொல்லும்: வெற்றி பெற்றால் என்ன கிடைக்கும், எப்படித் தோற்கலாம், நடக்க எதெல்லாம் தேவை. எதிர்பார்த்த தோல்வியையும் நிரலின் கோளாறையும் இவை தனித்தனியாக வைக்கின்றன. நம் நான்காவது வகை தோல்விப் பட்டியலில் வராது. கோளாறாகத் தனியே போகும். எல்லாத் தோல்விகளையும் கவனித்து முடித்தால் டைப்பின் தோல்விப் பக்கம் காலியாகிவிடும். அந்தக் காலியிடத்தைப் பார்த்தே ‘இந்த வேலை இனித் தோற்காது’ என்று படிக்க முடிகிறது.

ஜெமினியைப் போன்ற ஒருவழிச் செய்தியில் இதன் அருமை தெரியும். செயற்கைக்கோளிலிருந்து ஒன்றும் வராதபோது பிழை எதுவும் நிகழ்வதில்லை, மௌனம் மட்டும்தான். நிரல் கண்ணில் படாத தோல்வியை எந்த டைப்பும் காட்டாது. மௌனத்தைத் தோல்வியாக மாற்ற ஒரு காலவரம்பு வேண்டும். ‘இத்தனை நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் இந்த வகைத் தோல்வி’ என்று ஸியோவில் ஒரே வரியில் எழுதலாம். அந்த வகை உடனே டைப்பிலும் ஏறிவிடும். ரிசல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, டைமரையும் ரத்து செய்வதையும் கையால் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

விலையும் உண்டு. இவை நிரலின் ஒரு மூலையில் அடங்கி இருப்பதில்லை, முழுவதும் பரவும். புதிதாகச் சேர்பவருக்கு டைப்ஸ்கிரிப்ட் தெரிந்தால் போதாது, எஃபெக்ட்டும் தெரிய வேண்டும். சிறு ஊரில் ஆள் தேடும் நிறுவனத்துக்கு இது சாதாரண விஷயமல்ல. ஸ்காலா உலகிலேயே கேட்ஸ் எஃபெக்ட் என்ற இன்னொரு நூலகம் தோல்வியின் டைப்பைக் குறிப்பதில்லை. தோல்வி எப்போதும் த்ரோயபிள்தான், காரணம் வேண்டுமென்றால் உள்ளே ஈதரை வைத்துக்கொள் என்கிறது. அனுபவசாலிகளே இரண்டு பக்கமும் இருக்கும் விவாதம் இது. வகைகள் டைப்பில் தெரிவதையே நான் விரும்புகிறேன். ஆனால் கேட்ஸ் எஃபெக்ட்டில் நன்றாக ஓடும் நிரலை இதற்காக மாற்றி எழுதச் சொல்ல மாட்டேன்.

சென்னையிலிருந்து வந்த வழி

நான்காவது வழிக்கும் நமக்கும் நெருக்கம் அதிகம். எஃபெக்ட் ஹேண்ட்லர் என்ற கருத்துக்கு 2009இல் பிளாட்கினும் பிரெட்னாரும் எழுதிய கட்டுரை அடித்தளமிட்டது. அதைப் பலரும் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மொழிக்குள் கொண்டுவந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணன் ஒருவர், ஸ்டீபன் டோலன், அனில் மாதவபெட்டி உள்ளிட்டோர் உடன் உழைத்தார்கள். 2022 டிசம்பரில் வந்த ஓகேமல் 5.0 அதன் விளைவு. ஃபங்ஷன் ‘எனக்கு அலை உயரம் வேண்டும்’ என்று ஓர் எஃபெக்ட்டை எழுப்பிவிட்டு நிற்கும். வெளியே இருக்கும் ஹேண்ட்லர் இன்காய்ஸிடம் கேட்டோ, சோதனையில் ஒரு போலி விடையைக் கொடுத்தோ, நின்ற இடத்திலிருந்தே அதைத் தொடரச் செய்யும். எக்செப்ஷனுக்குத் திரும்பிவரத் தெரியாது, இதற்குத் தெரியும். நிரல் நேரான சாதாரண நிரலைப் போலவே இருக்கும், மோனாட் வரிசைகள் வேண்டாம்.

தேர்வு செய்பவர் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஓகேமலில் எஃபெக்ட்கள் டைப்பில் வருவதில்லை. ஹேண்ட்லர் இல்லாமல் எழுப்பினால் நிரல் ஓடும்போதுதான் ‘அன்ஹேண்டில்டு’ என்ற எக்செப்ஷன் வரும். ஃபங்ஷன் எழுப்பும் எஃபெக்ட்களை டைப்பிலேயே எழுதும் மொழி வேண்டுமென்றால் டான் லெய்யன் உருவாக்கிய கோக்கா இருக்கிறது. கற்க அருமையான மொழி. வாடிக்கையாளருக்கு ஒப்படைக்கும் வேலைக்கு இன்று அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓகேமலில் ஒரே சமயத்தில் நடக்கும் வேலைகளுக்கு எஃபெக்ட்டின் மேல் கட்டிய ஈஐஓ நூலகத்தையும், எதிர்பார்த்த தோல்விகளுக்கு ரிசல்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.

உங்கள் குழுவுக்கு

இரண்டு மூன்று பேர் சேர்ந்து டைப்ஸ்கிரிப்டில் ஒரு கைபேசிச் செயலி எழுதுகிறீர்கள் என்றால், டேக் வைத்த ஒரு யூனியன் டைப்பையே ரிசல்ட்டாக்கிக்கொள்ளுங்கள்; நெவர்த்ரோ போன்ற சிறு நூலகமும் போதும். பல மூலங்களிலிருந்து தரவு வாங்கி, மறுமுயற்சி, காலவரம்பு, இணைப்பை மூடுவது எல்லாம் ஒரே சர்வரில் சேர்கிறது என்றால் எஃபெக்ட் அல்லது ஸியோ தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். அதற்கும் ஒரு நிபந்தனை வைப்பேன்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்தும் அளவுக்குக் குழுவில் குறைந்தது இருவருக்கு அது தெரிய வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த எஃபெக்ட் நிரல், அவர் வேலை மாறிய அன்றே யாரும் தொடத் துணியாத நிரலாகிவிடும்.

ஏற்கெனவே எக்செப்ஷனில் ஓடும் நிரல் கையில் இருந்தால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம். இணையத்தையும் ஜிபிஎஸ்ஸையும் கோப்புகளையும் தொடும் ஃபங்ஷன்களை மட்டும் முதலில் ரிசல்ட்டுக்கு மாற்றுங்கள். உள்ளே கணக்குப் போடும் ஃபங்ஷன்களுக்கு எதுவும் தேவைப்படாது. மாற்றி முடித்ததும், தோல்வியைப் பிடித்து அதற்குப் பதில் ஓர் எண்ணையோ காலிப் பட்டியலையோ வைக்கும் இடங்களைத் தேடிப் படியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் திரையைப் பார்க்கும் மனிதருக்கு அந்த மாற்று என்னவாகத் தோன்றும் என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு தோல்வி வகைக்கும் ஒரு சோதனை எழுதுங்கள், திரையில் வரும் தமிழ் வாசகத்தையும் சேர்த்து.