கோத்தா: ஒரு பெயர், பல பொருள்



பாலிக் புலாவிலிருந்து ஜார்ஜ் டவுன் செல்வோர் கடற்கரையில் கார்ன்வாலிஸ் கோட்டையைக் காண்பர். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடம் அது. கோட்டையை மலாய் மொழியில் 'கோத்தா' என்பர். நம் 'கோட்டை'க்கு உறவான சொல் இது.

நீலகிரியிலோ 'கோத்தா' என்பது ஒரு மொழி. தமிழுக்கு உடன்பிறப்பான திராவிட மொழி. இரும்படித்தும் மட்பாண்டம் வனைந்தும் வாழ்ந்த கோத்தர் மக்களின் தாய்மொழி அது. அவர்களால் பெயர் பெற்றதே கோத்தகிரி. கன்னட எழுத்தாளர் கோட்டா சிவராம காரந்தரின் பெயரில் உள்ள கோட்டாவோ, அவர் 1902இல் பிறந்த ஊர். ஒலி ஒத்திருப்பினும் பொருள் வேறு.

கோத்தா மொழிக்குத் தனி எழுத்தில்லை. பேசுவோரும் மிகச் சிலரே. 1930களில் எமனோ என்னும் அறிஞர் அம்மொழிக் கதைகளைக் கேட்டு எழுதிவைத்தார். ஆயினும், ஏட்டில் இருந்தால் மட்டும் மொழி வாழாது. வீட்டில் பேசப்படல் வேண்டும். பெற்றோரே, இல்லத்தில் பிள்ளைகளுடன் தமிழில் பேசுவீர்!