உறுதியில் உள்ள அந்தச் சொற்கள்

அம்மம்மாவின் பழைய காணி உறுதியில் 'முதுசம்' என்றும் 'தேடியதேட்டம்' என்றும் எழுதியிருக்கிறது. என்ன பொருள்? – வாசகி, யாழ்ப்பாணம்

கலங்க வேண்டாம், சகோதரி. காணி எந்த வழியில் வந்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. இரண்டும் தேசவழமைச் சொற்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாண வழக்கம் அது. முதுசம் என்பது பரம்பரையாக வந்த சொத்து. கலியாணத்தில் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தது சீதனம்.

தேடியதேட்டம்தான் எனக்கு மிகப் பிடித்த சொல். மணவாழ்க்கையில் தேடிச் சேர்த்த சொத்து. கணவர் பெயரில் வாங்கியிருந்தாலும் அம்மம்மாவைக் கைவிடாத சொல் அது. 1947ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவரது தேடியதேட்டத்தில் பாதி துணைவருக்கு, மறுபாதி இறந்தவரின் வாரிசுகளுக்கு.

அம்மம்மாவின் விவாகப் பதிவையும் தேடி எடுத்து, உறுதியோடு நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள். அவர் முதலில் பார்ப்பது இரண்டிலும் உள்ள திகதிகளைத்தான்.