டிரெய்லர் டயர் பஞ்சரா? முதலில் நிற்கிற இடத்தைப் பாருங்கள்

கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, டிரெய்லர் ஸ்டியரிங் பிடித்தவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. புது வண்டியை முதலாளி யாரை நம்பிக் கொடுப்பார்? டயரைக் காப்பாற்றுகிற டிரைவரை நம்பித்தான். டீசலுக்கு அடுத்து முதலாளியின் கையைக் கடிப்பது டயர். ஒன்றே 20,000 ரூபாயைத் தாண்டும்.

தட்டிப் பாருங்கள்

முன் டயரில் காத்து இறங்கினால் ஸ்டியரிங் இழுத்துக் காட்டிக்கொடுக்கும். டிரெய்லரின் உள் டயர் போனால் கேபினில் ஒன்றும் தெரியாது. ஜோடி டயர் சுமந்துகொண்டு ஓடும். மூன்று ஆக்சில் டிரெய்லரின் பின்பக்கத்துக்கு 2018 முதல் அனுமதி 27 டன். 12 டயருக்குத் தலைக்கு 2,250 கிலோ. ஒன்று படுத்தால் ஜோடியின் தலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கவாட்டில் 146/143 என்று அச்சிட்ட டயர் தனியாகத் தாங்குவதோ 3,000 கிலோதான். சூடேறி அதுவும் வெடிக்கும். உரசல் முற்றினால் தீயும் பிடிக்கும்.

அதனால் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் லிவரால் எல்லா டயரையும் தட்டுங்கள். லிவர் துள்ளி 'டங்'கென்றால் காத்து இருக்கிறது. 'தொப்'பென்று அமுங்கினால் இல்லை. தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் பக்கம் வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் காத்து குறைந்திருக்கும், இல்லை பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்.

பஞ்சர் என்று தெரிந்ததும்

1. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள்.

2. வளைவிலும் பாலத்திலும் நிற்காதீர்கள். லாரி நிறுத்துமிடமோ அகலமான மண் ஓரமோ கிடைக்கும்வரை ஊர்ந்து போங்கள். அதில் டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, உயிருக்கு விலை இல்லை. புகை வந்தால் மட்டும் உடனே நிறுத்தி இறங்குங்கள்.

3. நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். இரவில் இன்னும் தள்ளி.

4. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிட்டு, ஓரத்துக் கல்லில் இருக்கும் கிலோமீட்டரைச் சொல்லுங்கள்.

ஸ்டெப்னி மாற்றும்போது

மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டின் மறை மாறியிருக்கும். திருகாமல் முரண்டு பிடித்தால் முதலில் அதைப் பாருங்கள். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். முடுக்கும்போது எதிரெதிர் நட்டாக முடுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு முடுக்கு.

லாக் ரிங் எமன்

டியூப் டயரின் லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால் காத்து ஏறும்போது குண்டுபோல் பறக்கும். காத்தை முழுக்க இறக்காமல் ரிங்கில் கை வைக்கவே கூடாது. பஞ்சர் கடையில் காத்து அடிக்கும்போது டயருக்கு நேரெதிரே குனிந்து பார்க்காதீர்கள்; தள்ளி நில்லுங்கள். காத்து குறைந்தே நெடுந்தூரம் ஓடிய டயருக்கு அப்படியே காத்து அடிக்கவும் கூடாது. உரிய அளவில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ காத்து வைத்து ஓடிய டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்த பிறகே காத்தடிக்க வேண்டும் என்பது அமெரிக்க டயர் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பாதுகாப்பு வழிமுறை. நம் ஊர் பஞ்சர் கடைக்கும் அது பொருந்தும்.

கணக்கு

டயர் நம்பர், கிலோமீட்டர், கிழிந்த இடம் மூன்றையும் படம் எடுத்து அங்கிருந்தே முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள். பஞ்சர் கடை ரசீதை டிரிப் கணக்கோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஸ்டெப்னி மாறிப்போச்சு என்ற பேச்சே வராது.

கடைசியாக ஒன்று. முக்கோணம் இல்லையென்று கல்லையும் மரக்கிளையையும் ரோட்டில் வைப்போம். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுக் கிளம்புவோம். பைக்கில் இருட்டில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது. வண்டியை எடுக்கும் முன் நடந்து போய், வைத்த கல்லை நீங்களே எடுத்துப் போடுங்கள்.